கச்சான் வெயிலிலும் பிசகாத பாடசாலை மணி: டிஎஸ்3231 நேரப் பலகையைப் 14 மாதம் பாவித்த பின்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் பாடசாலையில் பாடவேளை மணியை இப்போது யாரும் கையால் அடிப்பதில்லை. அலுவலகக் கூரைக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய பெட்டி, உரிய நேரத்தில் மின்மணியை எட்டுச் செக்கன் ஒலிக்கவிட்டு நிறுத்துகிறது. பெட்டிக்குள் கட்டளைகளை நிறைவேற்றுவது ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகை. நேரத்தை வைத்திருப்பதோ தீப்பெட்டியை விடச் சிறியதான, டிஎஸ்3231 என்ற ஐசி பொருத்திய ஒரு பலகை. இந்தப் பெட்டியை அமைத்தவனும் பராமரிப்பவனும் பௌதிகவியல் கற்பிக்கும் நானே என்பதால், அந்தப் பலகையைப் பதினான்கு மாதம் தினமும் கவனித்து வர எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இதைப் போன்ற கருவிகளைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவ வேண்டும் என்பதற்காக, அதன் நிறைகளையும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். சுருக்கமான பதிலை மட்டும் வேண்டுவோருக்கு இதைச் சொல்லலாம்: தகரக் கூரைக்குக் கீழே நேரம் காட்ட வேண்டிய எந்தக் கருவிக்கும், வெப்ப ஈடு (வெப்பநிலை மாறுவதால் வரும் பிழையைத் தானே திருத்தும் வசதி) இல்லாத மலிவான நேரப் பலகையை வாங்குவதை விட, சில நூறு ரூபா கூடக் கொடுத்து இதை வாங்குவது சரியான முடிவு.

இந்த முடிவுக்கு நான் வரக் காரணம் ஒரு பரீட்சை. முதலில் செய்த மணிப் பெட்டியில், சந்தையில் மிக மலிவாகக் கிடைத்த, வெப்ப ஈடு எதுவும் இல்லாத ஒரு நேரப் பலகையையே பொருத்தியிருந்தேன். ஜனவரியில், மாரி மழை இன்னும் விடாத நாட்களில், அதன் பிழையை மூன்று கிழமை அளந்து, நிரலில் ஒரு திருத்தத்தைச் சேர்த்து, நாளுக்கு ஒரு செக்கனின் சிறு பங்குக்குக் கூடப் பிசகாதபடி வைத்தேன். மே மாதத்தில் கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று தொடங்கியது. இரண்டாம் தவணைப் பரீட்சை வந்தபோது மணி ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தது. ஒரு மண்டபத்தின் மேற்பார்வையாளர் தமது கைக்கடிகாரத்தைப் பார்த்து விடைத்தாள்களை வாங்கினார். அடுத்த மண்டபத்தில் இருந்தவர் மணி ஒலிக்கும்வரை காத்திருந்தார். தரம் பத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி பிறகு என்னிடம் வந்து, "சேர், அந்த மண்டபத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கூட நேரம் குடுத்த?" என்று கேட்டாள். கணக்கில் கடைசி ஒரு வரியை எழுத அவளுக்கு நேரம் போதவில்லை. அந்தக் கேள்விக்கு என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை. அன்றே பெட்டியைக் கழற்றினேன்.

நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, இந்தப் பலகைகளின் இதயமாக இருக்கும் பளிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரிசி மணியை விடச் சற்றே பெரிய உலோக உறைக்குள், இசைக்கவை வடிவில் வெட்டிய குவாட்ஸ் பளிங்கு ஒன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டின் பதினைந்தாம் வலு அந்த எண். பதினைந்து தடவை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். ஆனால் அதன் மீடிறன், அதாவது செக்கனுக்கு அது அதிரும் தடவை, வெப்பநிலையோடு மாறுகிறது. ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் அது உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து எந்தப் பக்கம் விலகினாலும், விலகிய பாகையின் வர்க்கத்தை 0.034 ஆல் பெருக்கினால் வரும் அளவு, பத்து இலட்சத்துக்கு இத்தனை பங்கு என்று மீடிறன் குறையும். அதாவது அது கவிழ்ந்த பரவளைவு. 35 பாகையில் இழப்பு பத்து இலட்சத்துக்கு 3.4 பங்கு; நாளுக்குச் செக்கனில் மூன்றில் ஒன்றைக் கூட அது எட்டாது. 50 பாகையில் அதுவே 21 பங்காகி, நாளுக்கு 1.8 செக்கன் ஆகிறது. வெப்பம் இரண்டு மடங்கு விலகினால் பிழை நான்கு மடங்காகும் என்பதே இதில் உள்ள ஆபத்து.

எங்கள் ஊரில் 50 பாகையா என்று கேட்கலாம். காற்றின் வெப்பநிலை அவ்வளவு இல்லை. ஆனால் என் பெட்டி கூரைத் தகரத்துக்கு ஒரு முழம் கீழே, வளையில் ஆணியடித்துத் தொங்கியது. அதே பெட்டிக்குள் மணிக்கான மின்மாற்றியும் இருந்து தன் பங்குக்குச் சூட்டைக் கக்கியது. கச்சான் வீசும் நாளொன்றில் நண்பகலுக்குப் பிறகு உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 52 பாகை. இரவிலும் 35க்குக் கீழே இறங்கவில்லை. ஜனவரியில் நான் செய்த திருத்தம் ஜனவரியின் வெப்பத்துக்குத்தான் சரி. நிலையான பிழையை நிரலில் ஒரு தடவை திருத்திவிடலாம். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் பிழையை ஒரே ஓர் எண்ணால் திருத்த முடியாது. கைக்கடிகாரங்கள் சுவர் மணிக்கூடுகளை விட நன்றாக நேரம் காப்பதற்கும் இதுவே காரணம்: நம் மணிக்கட்டின் சூடு பளிங்கை நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கிறது.

டிஎஸ்3231 இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. மாக்சிம் நிறுவனம் வடிவமைத்த, இப்போது அனலொக் டிவைசஸ் நிறுவனத்தின் வசம் இருக்கும் இந்த ஐசியில் பளிங்கு வெளியே இல்லை. ஐசியின் கறுப்பு உடலுக்குள்ளேயே, வெப்ப உணரியோடு ஒரே கூட்டில் அடைபட்டிருக்கிறது. ஆகவே உணரி அளப்பது அறையின் வெப்பத்தை அல்ல, பளிங்கின் வெப்பத்தையே. 64 செக்கனுக்கு ஒரு தடவை அது அளக்கிறது. அந்த வெப்பநிலையில் பளிங்கு எவ்வளவு பின்தங்கும் என்பதைத் தன்னுள் பதித்த அட்டவணையில் பார்க்கிறது. பின்பு பளிங்கோடு இணைந்த நுண்ணிய கொள்ளளவிகளில் சிலவற்றைச் சேர்த்தோ விலக்கியோ மீடிறனை உரிய இடத்துக்குக் கொண்டுவருகிறது. 0 முதல் 40 பாகை வரை பத்து இலட்சத்துக்கு 2 பங்குக்குள்ளும், அதற்கு வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 40 முதல் 85 பாகை வரை 3.5 பங்குக்குள்ளும் பிழை நிற்கும் என்பது உற்பத்தியாளர் தரும் உறுதி. 2 பங்கு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். மின்சாரம் நின்றாலும், நாணய வடிவப் பற்றறியில் இந்த அளத்தலும் திருத்தலும் தொடர்கின்றன. 2022இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை மறக்காதவர்களுக்கு, இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இதை வாங்கியது காத்தான்குடியில், இலத்திரனியல் உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு சிறு கடையில். மண்முனைப் பாலம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் இருந்து அங்கே போய்வருவது எளிதாகிவிட்டது. கடைக்கார நானா என் முன்னால் இரண்டு பலகைகளை வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன. விலையில் மட்டும் வித்தியாசம். "சேர், விலையப் பாக்காதீங்க, ஐசிக்கு மேல இருக்கிற எழுத்தப் பாருங்க" என்று சொல்லி ஓர் உருப்பெருக்கியையும் கையில் தந்தார். ஒன்றில் டிஎஸ்3231எஸ்என் என்றும் மற்றதில் டிஎஸ்3231எம் என்றும் இருந்தது. எஸ்என் என்பதில் இருப்பது நான் மேலே விவரித்த குவாட்ஸ் பளிங்கு. எம் என்பதில் பளிங்கே இல்லை. சிலிக்கனில் செதுக்கிய நுண் அதிர்வி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. அதற்கும் வெப்ப ஈடு உண்டு என்றாலும் பிழையின் எல்லை 5 பங்கு. வீட்டு வரவேற்பறையில் வைக்கும் மணிக்கூட்டுக்கு எம் தாராளமாகப் போதும். நான் எஸ்என் எடுத்தேன். அவருடைய கடையில் நான் பார்த்தவை இரண்டும் எழுத்துக்கு ஏற்ப விற்கப்பட்டன. ஆனால் இணையத்தில் அதற்கு முன் வேறோர் இடத்தில் இருந்து வரவழைத்த பலகையில், மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு எழுத்தைப் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். உண்மையானதில் எழுத்து லேசர் ஒளியால் பதிந்து, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெளிவாகத் தெரியும். வெள்ளை மையால் எழுதியது போல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கிய பொருளை அதன் தாளில் எழுதியிருப்பதை நம்பி மட்டும் சுவரில் மாட்ட எனக்கு விருப்பம் இல்லை. அதுவும் பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளையின் நேரம் அதில் தங்கியிருக்கும்போது. ஆகவே தரம் பதினொன்று மாணவர்களோடு ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை செய்தோம். ஜிபிஎஸ் கருவி ஒன்று செய்மதிகளில் இருந்து பெற்ற நேரத்தின்படி செக்கனுக்கு ஒரு துடிப்பை வெளிவிடும். அதில் ஒரு சிவப்பு எல்ஈடியைப் பொருத்தினோம். பழைய பலகையில் செக்கனுக்கு ஒரு துடிப்பைத் தரும் ஒரு ஹேர்ட்ஸ் வெளியீட்டில் ஒரு பச்சையும், டிஎஸ்3231இன் அதே வெளியீட்டில் ஒரு நீலமும். செக்கனின் எண்ணை ஐசிக்குள் வைத்திருக்கும் பதிவேட்டில் புதிய எண்ணை எழுதும் கணத்தில் இந்த ஐசிகளின் உள் எண்ணி பூச்சியத்தில் இருந்து தொடங்கும் என்பதால், மூன்று விளக்குகளையும் ஒரே கணத்தில் கண்சிமிட்ட வைக்க முடிந்தது. மூன்றும் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்த்து மாணவர்கள் மெதுவாகக் கை தட்டினார்கள். பிறகு பழையதையும் புதியதையும் ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைத்து முற்றத்து வெயிலில் விட்டோம். கம்பிகள் மட்டும் யன்னல் வழியே உள்ளே வந்தன.

முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் கடந்த பிறகு, முன் வரிசையில் இருந்த ஒருவன், "சேர், பச்சை பின்னுக்கு நிக்குது" என்றான். மற்றவர்கள் நம்பவில்லை. மூன்று மணித்தியாலம் ஆனபோது எவருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று: சிவப்பும் நீலமும் ஒன்றாக மின்ன, பச்சை ஒரு தயக்கத்தோடு பின்னால் வந்தது. கைபேசியில் செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியைப் பதிந்து, படங்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். பச்சை 77 படங்கள் பின்தங்கியிருந்தது. அது செக்கனில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அறை வெப்பத்திலேயே அந்தப் பலகைக்கு இருந்த நிலையான பிழையையும், பேணிக்குள் இருந்த 52 பாகைக்குப் பரவளைவு சொல்லும் இழப்பையும் சேர்த்துக் கரும்பலகையில் கணக்கிட்டபோது, அதே அளவே வந்தது. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை எங்களால் எண்ண முடியவில்லை. அது நாங்கள் எடுத்த படங்களின் இடைவெளியோடு கலந்துவிடும் அளவுக்குச் சிறியது.

அடுத்த நாள் அதே பேணியை ஐஸ் கட்டி நிரப்பிய ரெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்தோம். சூட்டில் மெதுவாக ஓடியது குளிரில் வேகமாக ஓடும் என்று வகுப்பில் எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். பச்சை மறுபடியும் பின்தங்கியது. இரும்புக் கம்பி நீளும், குறுகும் என்று படித்த பிள்ளைகளுக்கு, இரு பக்கமும் சரியும் பரவளைவு முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்த நாள் அது. பாடநூலில் வரைந்து காட்டும் வளைகோட்டை விட, பின்னால் வரும் ஒரு பச்சை விளக்கு எவ்வளவோ நன்றாகக் கற்பித்தது.

இரும்புக் கம்பி என்றதும் எங்கள் வீட்டு ஊசல் மணிக்கூடு நினைவுக்கு வருகிறது. அது அப்பப்பாவின் காலத்தது. கச்சான் தொடங்கி ஒரு கிழமை போனதும், அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசலின் குண்டுக்குக் கீழே உள்ள திருகுச் சுரையை நகத்தால் தொட்டது போல ஒரு சிறு அளவு வலப்பக்கம் திருப்புவார். குண்டு மயிரிழை உயரும். வாடைக்காற்று வந்ததும் அதே அளவு திரும்ப இறக்குவார். உருக்குக் கம்பி ஒரு பாகை சூடானால் நீளும் அளவுக்கு, அதில் தொங்கும் ஊசல் நாளுக்கு அரைச் செக்கன் பின்தங்கும் என்பதை நான் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே வீட்டுக்குள் நான்கு பாகை வித்தியாசம் என்றால் நாளுக்கு இரண்டு செக்கன், மாதத்துக்கு ஒரு நிமிடம். வானொலிச் செய்திக்கு முன் வரும் நேர ஒலியைக் கேட்டுத் திருத்தி வந்த அவர், இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலே அதன் விடையை விரல் நுனியில் வைத்திருந்தார். அளந்து திருத்துவது என்ற அளவில் டிஎஸ்3231 செய்வதும் அவர் செய்ததும் ஒன்றே. அவர் ஆண்டுக்கு இரண்டு தடவை செய்ததை இது 64 செக்கனுக்கு ஒரு தடவை செய்கிறது.

ஆனால் மணிக்கூடு செய்தவர்கள் நெடுங்காலம் வேறு வழிகளையே தேடினார்கள். இங்கிலாந்தில் ஜோர்ஜ் கிரஹாம் 1721இல் ஊசலின் அடியில் இரசம் நிரப்பிய குடுவையைத் தொங்கவிட்டார்: கம்பி கீழே நீள, இரசம் குடுவைக்குள் மேலே ஏற, திணிவின் மையம் இருந்த இடத்திலேயே நின்றது. சில ஆண்டுகளில் ஜோன் ஹரிசன் உருக்கும் பித்தளையுமாக ஒன்பது கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி, உருக்கு கீழே தள்ளுவதைப் பித்தளை மேலே இழுக்கும்படி செய்தார். கப்பல்களுக்கான தமது மூன்றாவது மணிக்கூட்டுக்காக அவர் கண்டுபிடித்த ஈருலோகச் சட்டம் இன்றும் நம் வீட்டு மின்னழுத்தியில் வேலை செய்கிறது. 1896இல் சார்ள்ஸ் எட்வார்ட் கியோம், இரும்போடு ஏறத்தாழ 36 வீதம் நிக்கல் கலந்து, சூட்டுக்கு அசையாத இன்வார் என்ற கலப்புலோகத்தைக் கண்டார். அதன் விரிவு உருக்கினதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அவருக்கு 1920ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. எதிரெதிரான இரண்டை வைத்துச் சமன் செய்வது ஒரு வழி, வெப்பத்தைப் பொருட்படுத்தாத பொருளைத் தேடுவது இன்னொரு வழி. அளந்து, அட்டவணை பார்த்து, தானே திருத்துவது மூன்றாவது வழி. அதைச் சில நூறு ரூபாவுக்குச் சாத்தியமாக்கியது இலத்திரனியலே.

சோதனையைப் பார்க்க வந்திருந்த உயிரியல் ஆசிரியை, "ஈக்குள்ள இருக்கிற மணிக்கூட்டுக்கு இந்தப் பிரச்சினை எப்பவோ தீர்ந்திட்டுதே சேர்" என்றார். உயிர்களுக்குள் இருந்து நாளின் நேரத்தைக் கணக்கிடும் உள் மணிக்கூட்டையே அவர் சொன்னார். அந்த வார்த்தை என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. உயிர்க் கலத்தில் நடப்பவை இரசாயனத் தாக்கங்கள். பத்துப் பாகை கூடினால் அவற்றின் வேகம் பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்காகும். பூச்சிகள் தம் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளாதவை. அப்படியானால் 18 பாகையில் 24 மணித்தியாலமாக இருக்கும் பழ ஈயின் நாள், 28 பாகையில் 12 மணித்தியாலமாகச் சுருங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதை, கூட்டுப்புழுவில் இருந்து ஈக்கள் வெளிவரும் நேரத்தை அளந்து 1954இல் கொலின் பிட்டென்ட்ரிக் காட்டினார். எங்கள் வயல் வரம்பில் மாலையில் கத்தும் சில்வண்டையே எடுத்துக்கொள்ளலாம். சூடு கூடக் கூட அதன் ஒலி விரைவாகிறது. 1897இல் டொல்பியர் என்பவர் அதைக் கொண்டே வெப்பநிலையைக் கணிக்கச் சூத்திரம் எழுதினார். ஆனால் அது கத்தத் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் உள் மணிக்கூடு அந்தச் சூட்டோடு ஓடிப் போவதில்லை. ஒரே உடலுக்குள் ஈடு செய்ததும் ஈடு செய்யாததும் அருகருகே இருக்கின்றன.

அந்த ஈடு எப்படி நடக்கிறது என்பதற்கு 1957இல் ஹேஸ்டிங்ஸும் சுவீனியும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். கடலில் இரவில் ஒளிரும் நுண்ணுயிர் ஒன்றின் ஒளிர்வுத் தாளத்தை அளந்தபோது, வெப்பம் கூடியதும் அது வேகமாகாமல் சற்றே மெதுவாகியதைக் கண்டார்கள். வெப்பத்தை உணராத பொறிமுறை என்றால் மாற்றமே இருந்திருக்கக் கூடாது. மறுபக்கம் சாய்ந்தது என்றால் உள்ளே எதிரெதிராக இரண்டு இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று அளவுக்குச் சற்று மிஞ்சி ஈடு செய்திருக்க வேண்டும். ஹரிசனின் கம்பிகளில் பித்தளை ஒரு விரலளவு நீண்டுவிட்டால் நடப்பதும் அதுதான். இன்னும் வியப்பானது, 2005இல் நகோயா பல்கலைக்கழகத்தில் தக்காவோ கொண்டோவின் குழு செய்தது: சயனோபற்றீரியாவின் மூன்று புரதங்களை, கலங்களுக்குச் சக்தி தரும் ஏரீபீயோடு சோதனைக் குழாயில் கலந்ததும், கலம் எதுவும் இல்லாமலே, ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுழற்சியாக ஒரு மணிக்கூடு அங்கே ஓடியது. வெப்பநிலையை மாற்றியபோதும் சுழற்சியின் நீளம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. டிஎஸ்3231இல் தனி உணரியும் தனி அட்டவணையும் தேவைப்பட்டதை, அந்தப் புரதங்கள் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இதைத் தரம் பதினொன்றுக்குச் சொன்னபோது வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது.

இனி குறைகள். மிக முக்கியமானது ஐசியில் இல்லை, அதைச் சுமக்கும் மலிவான நீலப் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகை, மீண்டும் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032 பற்றறிக்காக அமைக்கப்பட்டது. ஓர் இருவாயியும் 200 ஓம் தடையியும் வழியாக ஐந்து வோல்ற்றில் இருந்து பற்றறிக்கு மின்னேற்றுகிறது. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ ஏற்றக் கூடாத சிஆர்2032. அதைப் போட்டால் நாள் முழுவதும் அதற்குள் மின்னேறி, அது வீங்கிக் கசியக்கூடும். வெப்பமான பெட்டிக்குள் இது அச்சத்துக்குரியது. ஏற்றக்கூடிய பற்றறிக்கும் கூட, ஐந்து வோல்ற் வழங்கலில் அந்த ஏற்றம் அளவுக்கு மிஞ்சியதே. எனவே பலகையை வாங்கியதும் முதல் வேலையாக, பற்றவைக்கும் கோலின் நுனியால் அந்தச் சிறு தடையியைச் சூடாக்கிக் கழற்றி எடுத்துவிட்டு, நல்ல சிஆர்2032 ஒன்றைப் போடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பாடசாலைச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

இன்னொன்று, ஐசியில் இருந்து படிக்கக்கூடிய வெப்பநிலையை வகுப்பறையின் வெப்பநிலையாகக் காட்ட மாணவர்கள் விரும்புவார்கள். எண் கால் பாகைப் படிகளில் வந்தாலும், அது உண்மையான வெப்பநிலையில் இருந்து இரு பக்கமும் மூன்று பாகை வரை விலகலாம். பளிங்கைத் திருத்த அது போதும், காற்றை அளக்கப் போதாது. அத்தோடு கடலும் வாவியும் சூழ்ந்த எங்கள் பகுதியில் உப்புக் காற்று ஊசிக் கால்களில் பச்சை பிடிக்க வைக்கிறது. நான் இணைப்புகளைச் செருகாமல் ஈயம் உருக்கிப் பிடித்து, மேலே நகப்பூச்சு தடவினேன். பதினான்கு மாதத்தில் ஒரு தடவை கூட இணைப்பு விடவில்லை.

நேரம் எவ்வளவு பிசகியது என்பதே கடைசியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பெட்டி கூரைக்குக் கீழே இருந்த அதே வளையில், அதே மின்மாற்றியோடு, ஒரு முழுக் கச்சான் காலத்தையும் ஒரு மாரியையும் கடந்தது. வேண்டுமென்றே நான் அதை இடம் மாற்றவில்லை. பதினான்கு மாதமும் கையை வைக்காமல் விட்டு, பிறகு ஜிபிஎஸ் கருவியோடு ஒப்பிட்டேன்: 19 செக்கன் முந்தியிருந்தது. அது பத்து இலட்சத்துக்கு அரைப் பங்கு. உறுதியளித்த எல்லையில் நான்கில் ஒன்று. கச்சான் மாதங்களிலும் மாரி மாதங்களிலும் மாதத்துக்கு ஏறத்தாழ 1.4 செக்கன் என்ற அளவிலேயே அது முந்தியது என்பது எனக்கு இந்த 19ஐ விடப் பெரிய செய்தி. பருவம் அதற்குள் நுழையவே இல்லை. எஞ்சிய நிலையான பிழைக்கு மருந்து ஐசியிலேயே இருக்கிறது: முதுமையால் பளிங்கில் வரும் விலகலைத் திருத்த ஒதுக்கிய பதிவேட்டில் ஓர் எண்ணைக் கூட்டினால் ஏறத்தாழ 0.1 பங்கு மெதுவாகும். நான் 5 என்று எழுதினேன். பளிங்கு முதல் ஆண்டிலும் அதற்குப் பின்பும் சிறிது சிறிதாக மாறக்கூடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் முதலாம் தவணை தொடங்கும் கிழமையில் இந்த ஒப்பீட்டைச் செய்ய ஆய்வுகூடக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

பெட்டியை வெயில் படாத சுவருக்கு மாற்றி, மின்மாற்றியைப் பிரித்து வைத்தால் மலிவான பலகையே போதாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பிழை பாதிக்கு மேல் குறையும் என்பது உண்மை. இடம் இருப்பவர்கள் அதையும் செய்ய வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் மணி எங்கே இருக்கிறதோ, மின்சாரக் கம்பி எதுவரை போகிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க முடிகிறது. காத்தான்குடி நானா இப்போது தம் பகுதிப் பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகைக்கும் எஸ்என் ஒன்றைப் போட்டிருக்கிறார். நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் முந்துவதும் பிந்துவதும் அங்கே எவ்வளவு பாரமானது என்று அவர் சொன்னார். தடையியைக் கழற்றிய பிறகுதான் அதைப் பொருத்தினாராம்.